ஒரே வீட்டில் நான்கு ஊர்

வெளிநாட்டில் படிக்கும் பிள்ளையிடம் ஊரில் இருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பாடம் கஷ்டமா?" இரண்டாவது கேள்வி, "பசியாறிட்டியா?" இரண்டுக்கும் பதில் சொல்வது எளிது. யாரும் கேட்காத மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது: "கூட யார் இருக்காங்க? அவங்களோட எப்படிப் போகுது?" இந்தக் குளிர்காலம் முழுக்க என் தூக்கத்தைக் கெடுத்தது அந்தக் கேள்விதான்.

சென்ற வாரம் குளிர்கோட்டு வாங்கிய கதையை எழுதியபோது, அடுத்த வாரம் லிவர்பூலைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தேன். சொன்னபடி காட்டுகிறேன். கூடவே என் வீட்டுத் தோழியர் மூவரும் வருகிறார்கள். அவர்கள் இல்லாமல் அந்தப் பிற்பகலைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை.

நாங்கள் இருப்பது ஸ்மித்டவுன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில். நம் தோட்டத்து லயங்களைச் செங்கல்லில் கட்டி, மேலே ஒரு மாடியும் வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி வரிசையாக ஒட்டி நிற்கும் வீடுகள். மேலே மூன்று அறை, கீழே ஓர் அறை, பின்னால் ஒரு சின்னச் சமையலறை. பத்திரிகையில் பெயர் வேண்டாம் என்று மூவரும் கேட்டுக்கொண்டதால் ஊர்ப் பெயரிலேயே சொல்கிறேன். லாகோஸ், நைஜீரியாவிலிருந்து பொதுச் சுகாதாரம் படிக்க வந்தவள். ஈப்போ, நம் ஈப்போதான். சீனப் பெண், கட்டடக்கலை மாணவி. கோழிக்கோடு, தாதிமைத் துறையில் முதுகலை படிப்பவள். வாரத்தில் சில இரவுகள் முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போகிறாள். நான் கிள்ளான், சரக்குப் போக்குவரத்து படிக்கிறேன்.

முதல் மாதம் நன்றாகத்தான் போனது. ஒருவருக்கொருவர் தேநீர் கலக்கிக் கொடுத்தோம். குளிர் வந்ததும் ஜன்னல்களைச் சாத்தினோம். ஜன்னலைச் சாத்தியதும் வாடை வெளியே போகவில்லை. ஐஸ்பெட்டியின் கதவில் மஞ்சள் சீட்டுகள் முளைக்க ஆரம்பித்தன. "மீன் வாடை வருகிறது, ஜன்னலைத் திறந்துவிட்டுச் சமைக்கவும்." "இரவு வேலை செய்பவர் தூங்குகிறார், பகலில் கதவை மெதுவாகச் சாத்தவும்." "ஹீட்டரைக் கூட்டுவதற்கு முன் மற்றவர்களைக் கேட்கவும்." எந்தச் சீட்டிலும் பெயர் இருக்காது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான்கு பேரும் மொட்டைக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தோம்.

ஜனவரி மாத எரிவாயு ரசீது வந்த அன்று நால்வரும் சமையலறையில் நின்று பேசினோம். பேசினோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. லாகோஸ் குரல் உயர்த்தினாள். ஈப்போ ஒன்றும் பேசாமல் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன் பிறகு அவரவர் தட்டை எடுத்துக்கொண்டு அவரவர் அறைக்குள் சாப்பிடுவது வழக்கமாகிவிட்டது. பிப்ரவரி கடைசியில் லாகோஸ் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "மார்ச் முடிந்ததும் நான் வேறு இடம் போகிறேன்."

இங்கே பெற்றோருக்கும், படிக்கப் புறப்படும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் மாணவர்கள் வீடு எடுக்கும்போது பெரும்பாலும் எல்லாரும் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார்கள். அப்படிப் போட்டால் முழு வாடகைக்கும் எல்லாரும் பொறுப்பு. ஒருவர் பாதியில் போய் வாடகை கட்டாவிட்டால், வீட்டுக்காரர் மீதிப் பேரிடம் கேட்கலாம். எங்களுக்கு ஆளுக்கு மாதம் 450 பவுண்டு வாடகை. லாகோஸ் போனால் எங்கள் மூவர் தலையிலும் கூடுதலாக 150 பவுண்டு விழும். ரிங்கிட்டில் ஏறக்குறைய எண்ணூறு. அது என் ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவைவிட அதிகம். கிள்ளானில் வீட்டுக்கு அழைத்து இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த நிலையில்தான் கோழிக்கோடு அந்த யோசனையைச் சொன்னாள். அவள் என்னைச் சேச்சி என்று கூப்பிடுவாள். நான் தமிழில் பேசுவேன், அவள் மலையாளத்தில் பதில் சொல்வாள், இருவருக்கும் புரியும். "சேச்சி, அவள் போகும் முன்னால் நாலு பேரும் சேர்ந்து ஒரு தடவையாவது ஊரைப் பார்த்திருக்க வேண்டாமா?" கேட்டபோதுதான் உறைத்தது. செப்டம்பரிலிருந்து நாங்கள் பார்த்ததெல்லாம் வகுப்பு, நூலகம், பேரங்காடி, பேருந்து நிறுத்தம். இங்குள்ள பல்கலைக்கழகங்களில் புதன்கிழமை பிற்பகலை விளையாட்டுக்காகக் காலியாக விடுவது வழக்கம். எங்களில் யாரும் விளையாடுவதில்லை. அதனால் மார்ச் மாதத்தின் ஒரு புதன்கிழமை என்று முடிவானது. விதி ஒன்றுதான்: ஆளுக்கு ஓர் இடம் தேர்ந்தெடுக்கலாம்; நுழைவுக் கட்டணம் இருக்கக் கூடாது.

ஸ்மித்டவுன் சாலையில் 86ஆம் எண் பேருந்து ஏறினோம். இரண்டு பவுண்டு. மாடியில் முன்வரிசை காலியாக இருந்தும் நால்வரும் தனித்தனி இருக்கையில் உட்கார்ந்தோம் என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன்.

முதல் இடம் ஈப்போவுடையது: லிவர்பூல் பேராலயம். ஊரின் மேட்டில் சிவப்பு மணற்கல்லில் எழும்பி நிற்கிறது. நீளம் 189 மீட்டர். ஏறக்குறைய இரண்டு கால்பந்துத் திடல்களை நீளவாக்கில் உள்ளே போடலாம். கட்டட வடிவமைப்புக்கு 1903இல் நடந்த போட்டியில் வென்ற கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட்டுக்கு அப்போது வயது 22. ஆங்கிலிகன் சபைக் கோயிலுக்கு ஒரு கத்தோலிக்க இளைஞர். படங்களில் பார்க்கும் அந்தச் சிவப்புத் தொலைபேசிக் கூண்டை வடிவமைத்தவரும் அவர்தான். பேராலயத்துக்குள்ளேயே ஒரு கூண்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

"அலாமாக், இருபத்திரண்டு வயசு!" என்றாள் ஈப்போ. "நான் அட்டையில் செய்யும் மாதிரி வீடே மறுநாள் சாய்ந்துவிடுகிறது." அவள் அவ்வளவு நீளமாக ஒரு வாக்கியம் பேசி மாதக்கணக்காகியிருந்தது. 1904இல் அடிக்கல் நாட்டிய கட்டடம் 1978இல்தான் முடிந்தது. ஸ்காட் 1960இல் இறந்துவிட்டார். வாழ்நாள் முழுக்கக் கட்டியும் முடிவைப் பார்க்கவில்லை. ஈப்போ தூண் அடியில் உட்கார்ந்து அரை மணி நேரம் வரைந்தாள். நாங்கள் மூவரும் காத்திருந்தோம். முன்பானால் யாராவது ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்திருப்போம்.

அங்கிருந்து இறக்கத்தில் நடந்தால் சீனர் வட்டாரம். லிவர்பூலின் சகோதர நகரமான ஷங்ஹாயின் உதவியோடு 2000ஆம் ஆண்டில் எழுப்பிய அலங்கார வளைவு, 13.5 மீட்டர் உயரம். நான் ஈப்போவை அதன் கீழே நிறுத்திப் படம் எடுத்தேன். அவள் சிரித்துவிட்டு நகர்ந்தாள். "நம்ம ஊரில் பார்க்காததா" என்றாள் மலாயில்.

அடுத்த இடம் லாகோஸுடையது. ஆல்பர்ட் துறையில் உள்ள அனைத்துலக அடிமை வணிக அருங்காட்சியகம். ஆல்பர்ட் துறை 1846இல் திறந்தது. மரமே இல்லாமல் இரும்பும் செங்கல்லும் கருங்கல்லும் வைத்துக் கட்டிய கிடங்குகள்; தீப்பிடிக்காமல் இருக்க அந்த ஏற்பாடு. கப்பலிலிருந்து நேராகக் கிடங்குக்குள் சரக்கை இறக்கலாம். என் பாடப்புத்தகத்தில் படமாக இருந்ததை நேரில் பார்த்த மகிழ்ச்சியில் நான் தூண்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். லாகோஸ் முன்னால் போய்விட்டாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவள் ஓர் அறிவிப்புப் பலகைக்கு முன் நின்றிருந்தாள். புதுப்பிப்பு வேலைகளுக்காக 2025 தொடக்கத்திலிருந்து மூடியிருக்கிறார்கள். திறக்க இன்னும் சில ஆண்டுகள் ஆகும்.

லாகோஸுக்குப் பக்கத்தில் பாடகிரி என்று ஒரு கடலோர ஊர். அடிமைகளைக் கப்பலேற்றிய இடம். பள்ளிச் சுற்றுலாவில் அங்கே போயிருக்கிறாள். திரும்பி வர முடியாத இடம் என்றே அந்தக் கரைக்குப் பெயர். "ஆரம்பத்தை அங்கே பார்த்தேன். கப்பல் புறப்பட்ட ஊரையும் பார்க்கலாம் என்றுதான் லிவர்பூலைத் தேர்ந்தெடுத்தேன்" என்றாள். ஐந்து மாதமாக ஒரே கூரையின் கீழ் இருந்தும் அவள் ஏன் இந்த ஊருக்கு வந்தாள் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது.

லிவர்பூல் கப்பல்கள் சரக்கோடு மேற்கு ஆப்பிரிக்கா போகும். அங்கே சரக்கைக் கொடுத்து மனிதர்களை வாங்கி அட்லாண்டிக் கடலைக் கடக்கும். கரீபியத் தீவுகளிலும் அமெரிக்காவிலும் அவர்களை விற்றுவிட்டு, சர்க்கரையும் பருத்தியும் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பும். 1807இல் பிரிட்டன் அந்த வணிகத்தைத் தடை செய்வதற்குள் சுமார் 15 லட்சம் ஆப்பிரிக்கர்களை இந்த ஊர்க் கப்பல்கள் ஏற்றிப் போயிருக்கின்றன. அவர்களில் மிகச் சிலரே லிவர்பூலைப் பார்த்தார்கள். லாபம் மட்டும் இங்கே வந்தது.

"சரி, சோறு சாப்பிடுவோம்" என்றாள் லாகோஸ்.

ஆற்றோரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். மெர்சி ஆற்றுக் காற்று காதைப் பிய்த்தது. ஆளாளுக்குக் கட்டி வந்ததைத் திறந்தோம். லாகோஸ் ஜொலோஃப் சோறு கொண்டு வந்திருந்தாள். நம் தக்காளிச் சோற்றின் கோபக்காரத் தங்கை போல இருக்கும். நான் நெத்திலி சம்பல் வைத்த ரொட்டி. ஈப்போவின் கையில் இருந்த சாசேஜ் ரோலைக் கடற்பறவை ஒன்று பிடுங்கிக்கொண்டு போனது. அவள் கத்திய கத்தலில் அடுத்த பெஞ்சில் இருந்தவர்களும் சிரித்தார்கள். பிறகு நால்வரும் ஒரே டப்பாவில் கை வைத்தோம்.

"இதில் என்ன போட்டாய்? எங்கள் வீட்டு ருசி வருகிறதே" என்று கேட்டேன். காய்ந்த சின்ன இறாலை இடித்த பொடி என்றாள் லாகோஸ். "கூனி இறால்!" என்றேன். "ஹா மாய்!" என்றாள் ஈப்போ. "உணக்கச் செம்மீன்!" என்றாள் கோழிக்கோடு. ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. ஐஸ்பெட்டியில் ஒட்டியிருந்த மீன் வாடைச் சீட்டு நால்வருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்திருக்க வேண்டும். நால்வர் வீட்டிலும் அதே டப்பா. நால்வருக்கும் மற்றவருடையதுதான் நாறியிருக்கிறது. சீட்டை ஒட்டியது யார் என்று யாரும் கேட்கவில்லை.

அந்தச் சிரிப்பு அடங்கும்போதுதான் லாகோஸ் ஆற்றின் அக்கரையைக் காட்டினாள். "அதோ பர்க்கன்ஹெட். என் அத்தை வீடு அங்கேதான். ஹாலில் சோபாவில் படுத்துக்கொள்வேன், வாடகை கிடையாது." கட்டணத்தின் கடைசித் தவணை ஏப்ரலில் கட்ட வேண்டும். நைஜீரியப் பணம் 2023இலிருந்து மளமளவென்று விழுந்துவிட்டது. அவள் புறப்படும்போது போட்ட கணக்கும் இப்போது அவள் அப்பா அனுப்ப வேண்டிய தொகையும் வேறு வேறு. எரிவாயு ரசீது வந்த அன்று அவள் குரல் உயர்ந்ததன் காரணம் எங்களுக்கு அந்தப் பெஞ்சில்தான் புரிந்தது. ஒரு பவுண்டை ரிங்கிட்டுக்கு மாற்றிப் பார்த்தே நெஞ்சு அடைத்துப் பழகியவள் நான். நைராவுக்கு மாற்றுபவளின் நெஞ்சைப் பற்றி நினைத்ததில்லை.

பையர் ஹெட் என்ற படகுத்துறைப் பகுதியில் மூன்று பெரிய கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. எல்லாரும் படம் எடுப்பது அங்கேதான். லிவர் பறவைகள் இரண்டு உச்சியில் உட்கார்ந்திருக்கும் கட்டடம் 1911இல் கட்டியது. பீட்டில்ஸ் நால்வரின் சிலைக்கு அங்கே ஒரே கூட்டம். நாங்களும் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். நிமிர்ந்து பார்த்தால் ஈப்போவைக் காணவில்லை.

கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன நினைவுப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தாள். சீன மாலுமிகளுக்காக 2006இல் வைத்தது. இரண்டாம் உலகப் போரில் ஆயிரக்கணக்கான சீன மாலுமிகள் லிவர்பூலைத் தளமாகக் கொண்டு பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களில் வேலை செய்தார்கள். பலர் இந்த ஊர்ப் பெண்களை மணந்து பிள்ளைகளும் பெற்றிருந்தார்கள். போர் முடிந்ததும் 1945, 1946இல் அரசாங்கம் அவர்களை வளைத்துப் பிடித்துக் கப்பலேற்றி அனுப்பிவிட்டது. வீட்டில் இருந்தவர்களிடம் சொல்லவில்லை. தங்களை விட்டுவிட்டு ஓடிவிட்டார் என்றே பல மனைவிமார் நினைத்தார்கள். பிள்ளைகள் வளர்ந்து, ஆவணங்கள் வெளியான பிறகுதான் நடந்தது தெரிந்தது.

"அப்பா ஓடவில்லை, அனுப்பிவிட்டார்கள் என்று அறுபது வயதில் தெரிந்தால் எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். பிறகு தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். சிங்கப்பூரில் வேலை. முதலில் வாரம் ஒரு முறை வந்தார், பிறகு மாதம் ஒரு முறை, பிறகு சீனப் புத்தாண்டுக்கு மட்டும், பிறகு அதுவும் இல்லை. அவரை யாரும் எங்கும் அனுப்பவில்லை. அதனால்தான் யாராவது குரல் உயர்த்தினால் தன்னால் அங்கே நிற்க முடியாது என்றாள். மன்னிப்பாகவோ குறையாகவோ சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொள்வதன் விவரத்தைச் சொன்னாள், அவ்வளவுதான். லாகோஸ் அவள் தோளில் கை போட்டாள்.

மூன்றாவது இடம் என்னுடையது. பையர் ஹெட்டிலிருந்து மேலே ஏறும் வாட்டர் தெருவில் இந்தியா பில்டிங்ஸ். பெயரைப் பார்த்துக் கோழிக்கோடு தன் ஊர் சம்பந்தப்பட்டது என்று உரிமை கொண்டாடினாள். ஆனால் அது எங்கள் ஊர்க் கதை. புளூ ஃபனல் கப்பல் நிறுவனத்தின் தலைமையகம் அங்கேதான் இருந்தது. நீல நிறப் புகைபோக்கி வைத்த அந்தக் கப்பல்களைப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் பழைய கிள்ளான்வாசிகளின் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். 1866இலிருந்து லிவர்பூலுக்கும் நம் பக்கத்துக்கும் ஓடிய கப்பல்கள். நம் ரப்பரையும் ஈயத்தையும் இங்கே கொண்டு வந்தன. மலாய் மாலுமிகள் இந்த ஊரிலேயே தங்கி, டாக்ஸ்டெத் வட்டாரத்து ஜெர்மின் தெருவில் தங்களுக்கென்று ஒரு சங்கமும் நடத்தினார்கள்.

என் பாட்டி காப்பார் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பாட்டி விடியற்காலையில் வாளியில் சேர்த்த பால் எந்தக் கப்பலில் ஏறியது, எந்த ஊரில் இறங்கியது என்று அவருக்குத் தெரியாது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை எடை போட்டதோடு அவருக்கு அந்தக் கதை முடிந்தது. மீதிக் கதையின் கணக்குப் புத்தகங்கள் இந்தக் கட்டடத்தில் இருந்திருக்கின்றன. பாட்டி இருந்திருந்தால் அன்று இரவே அழைத்துச் சொல்லியிருப்பேன்.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது லாகோஸ் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவின் அந்தப் பக்கம் மார்ட்டின்ஸ் வங்கிக் கட்டடம். இரண்டு கட்டடங்களும் 1932இல் முடிந்தவை; இரண்டிலும் ஹெர்பர்ட் ரௌஸ் என்ற கட்டடக்கலைஞரின் கை இருக்கிறது. அந்த வங்கியின் வாசலில் புடைப்புச் சிற்பமாக ஆப்பிரிக்கச் சிறுவர்கள், கையில் பணப்பையோடு. "அருங்காட்சியகம்தான் மூடியிருக்கிறது. இது திறந்துதான் இருக்கிறது" என்றாள். தெருவின் ஒரு பக்கம் அவள் நிற்க, மறுபக்கம் நான் நிற்க, நடுவில் பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன. இரண்டு துயரமும் ஒன்றல்ல. விலைக்கு விற்கப்பட்டவரும் கூலிக்கு வந்தவரும் ஒன்றாக மாட்டார்கள். அதை அவளிடமும் சொன்னேன். "தெரு ஒன்றுதானே" என்றாள்.

இன்னொன்றையும் அங்கே நின்று சொன்னேன். இந்த ஊருக்கு வெளியே, ரயிலில் இருபது நிமிடத் தொலைவில் கிர்க்பி. 1952 முதல் 1962 வரை மலாயா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி அங்கே இயங்கியது. மலாய், சீன, இந்திய இளைஞர்கள் ஒரே விடுதியில் தங்கிப் படித்து ஊர் திரும்பி ஆசிரியர்களானார்கள். மலாயாவின் விடுதலை நாளை 1956 பிப்ரவரியில் துங்கு முதலில் அறிவித்தது தங்கள் கல்லூரியில்தான் என்று கிர்க்பி மாணவர்கள் பெருமையோடு சொல்வார்கள். இதைப் படிப்பவர்களில் கிர்க்பி ஆசிரியர்களிடம் படித்தவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். அவர்கள் சமையலறையிலும் மீன் வாடைச் சண்டை நடந்திருக்காதா என்ன!

நான்காவது இடத்துக்குப் போகும்போது வெளிச்சம் குறைய ஆரம்பித்திருந்தது. டேல் தெருவின் கோடியில், ஓல்ட் ஹேமார்க்கெட்டில் ஹில்ஸ்பரோ நினைவுச் சின்னம். உருளையாக நிற்கும் வெண்கலத்தில் பெயர்கள் பொறித்திருக்கின்றன. மலபார் பக்கம் கால்பந்துப் பைத்தியம் என்பது தெரிந்ததுதான். கோழிக்கோடும் அண்ணன்மாரும் சிறு வயதிலிருந்தே லிவர்பூல் குழுவின் ரசிகர்கள். இந்த ஊருக்கே வந்துவிட்டாள். திடலுக்குள் போக டிக்கெட் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. அதனால் இங்கே வந்தாள்.

1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் அரையிறுதி ஆட்டம் பார்க்கப் போன லிவர்பூல் ரசிகர்கள் நெரிசலில் சிக்கினார்கள். அதன் விளைவாக இறந்தவர்கள் 97 பேர். மிகச் சிறியவனுக்கு வயது பத்து. ரசிகர்களின் குடிதான் காரணம் என்று பழி போட்டார்கள். இறந்தவர்களின் தாய்மாரும் தந்தைமாரும் விடவில்லை. 2016இல், 27 ஆண்டுகள் கழித்து, ரசிகர்கள் மேல் குற்றமில்லை, அவர்கள் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டார்கள் என்று நடுவர் குழு தீர்ப்பளித்தது.

கோழிக்கோடு ஒவ்வொரு பெயராகப் படித்தாள். அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் பிள்ளைகளின் பெயரே மறந்துபோன பாட்டி ஒருவர் இருக்கிறாராம். ஆட்டம் நடக்கும் நாளில் வானொலியைப் போட்டால் மட்டும் ரசிகர்களோடு சேர்ந்து பாடுவாராம். "ராத்திரி ரெண்டு மணிக்கு அவங்க பயந்து எழுந்தால் நான் ஸ்கோர் சொல்வேன், தூங்கிடுவாங்க. தோத்தாலும் ஜெயிச்சாச்சுன்னுதான் சொல்வேன்" என்றாள். அந்த வேலை முடிந்து விடியலில் வருபவளின் தூக்கத்தைத்தான் நாங்கள் கதவு சாத்தும் சத்தத்தில் எழுப்பிக்கொண்டிருந்தோம்.

திரும்பும் பேருந்தில் மாடியின் முன்வரிசையில் நால்வரும் நெருக்கி உட்கார்ந்தோம். அப்படியே எல்லாம் சுபம் என்று முடிக்க எனக்கும் ஆசைதான். லாகோஸ் சொன்னபடி மார்ச் கடைசியில் போய்விட்டாள். கட்டணத் தவணை ஒரு பிற்பகலில் குறைந்துவிடாது. ஆனால் போகும் முன், தன் வகுப்புத் தோழி ஒருத்தியைப் பேசி அழைத்து வந்து, வீட்டுக்காரரிடம் சொல்லி ஒப்பந்தத்தில் பெயரை மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். 150 பவுண்டு எங்கள் தலையில் விழவில்லை. அந்தப் புதன்கிழமைக்கு முன்னால் கேட்டிருந்தால் அவள் அதைச் செய்திருக்கமாட்டாள், நாங்களும் கேட்டிருக்கமாட்டோம். ஹீட்டருக்கு மாலை ஆறு முதல் ஒன்பது வரை என்று நேரம் வைத்தோம். மஞ்சள் சீட்டுகளைக் கிழித்துப் போட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் லாகோஸ் அக்கரையிலிருந்து ரயிலேறி வந்து சமைக்கிறாள். ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான்.

லிவர்பூல் பக்கம் வருபவர்களுக்கு: பேராலயம், சீனர் வட்டாரம், பையர் ஹெட், வாட்டர் தெரு, ஓல்ட் ஹேமார்க்கெட் எல்லாம் நடந்தே பார்க்கலாம், நான்கைந்து மணி நேரம் போதும். எங்கும் கட்டணம் இல்லை. மழை பெய்தால் படகுத்துறைக்குப் பக்கத்தில் லிவர்பூல் அருங்காட்சியகம் இருக்கிறது, அதுவும் இலவசம். காதை மூடும் தொப்பி கட்டாயம். சாப்பாட்டைக் கையில் உயர்த்திப் பிடிக்காதீர்கள்.

பிள்ளையை வெளியூருக்கு அனுப்பியிருக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரம் அழைக்கும்போது, பசியாறியாச்சா என்று கேட்ட பிறகு, கூட இருப்பவர்கள் எந்த ஊர், என்ன சமைப்பார்கள், கடைசியாக எப்போது சேர்ந்து வெளியே போனீர்கள் என்று கேளுங்கள். பிள்ளை பதில் சொல்லத் தடுமாறினால் ஒரு பிற்பகலுக்கு ஆகும் பேருந்துக் காசை அனுப்பி வையுங்கள். எனக்கு அன்று போக வர நான்கு பவுண்டு, ஒரு தேநீருக்கு இரண்டரை, ஆக ஆறரை பவுண்டு ஆனது.